பழைய கேசட்டை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

உங்கள் வீட்டுப் பரணிலோ அலமாரியின் அடித்தட்டிலோ ஒரு பெட்டி நிறையப் பழைய ஆடியோ கேசட்டுகள் கிடக்கலாம். கடையில் பட்டியல் கொடுத்துப் பதிந்து வாங்கிய சினிமாப் பாட்டு, அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், வெளிநாட்டிலிருந்து அப்பா பேசி அனுப்பிய கேசட், பாட்டி பாடிய தாலாட்டு என்று எதுவும் அதில் இருக்கலாம். இப்போது எடுத்துப் போட்டால் ஒன்று சுற்ற மறுக்கிறது. இன்னொன்றில் நாடா அறுந்திருக்கிறது. மற்றொன்றில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருக்கிறது. எல்லாவற்றையும் தூக்கிப்போட வேண்டியதுதானா?

வேண்டாம். பழைய கேசட்டுகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் கூட்டில் வருபவை. குரல் இருப்பது நாடாவில். கூடு உடைந்தாலும் நாடாவை எடுத்து வேறு கூட்டில் போட்டுவிடலாம். இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. நிதானமான கையும் நல்ல வெளிச்சமும் போதும்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கேசட்டைப் புதிதுபோல ஆக்குவது நம் வேலை அல்ல. ஒரே ஒரு முறை அது ஒழுங்காக ஓட வேண்டும்; ஓடும்போதே கணினியில் பதிந்துகொள்ள வேண்டும். அதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் கைவைத்தால் போதும்.

எந்தக் கேசட்டை முதலில் எடுப்பது?

கடையில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட் பழுதானால் பெரிய இழப்பில்லை. அதே பாட்டு இன்று வேறு இடத்தில் கிடைத்துவிடும். வீட்டார் குரல், குடும்ப விசேஷம், ஊர்க் கோயில் திருவிழாவில் பதிந்த வில்லுப்பாட்டு, உள்ளூர்க் கூட்டத்தில் ஒருவர் பேசிய பேச்சு போன்றவற்றுக்கு உலகத்திலேயே உங்களிடம் இருக்கும் அந்த ஒரு பிரதிதான். பெட்டியைக் கொட்டி இந்த இரண்டு வகையையும் தனித்தனியே பிரியுங்கள்.

கடைக் கேசட்டுகளைக் கழித்துவிடாதீர்கள். அவற்றில்தான் நீங்கள் கைபழகப் போகிறீர்கள். அவற்றின் கூடும் உதிரிகளும் முக்கியமான கேசட்டுகளுக்கு உதவும்.

கேசட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

இரண்டு பிளாஸ்டிக் மூடிகள். அவற்றுக்கு நடுவே ஆறு பற்கள் கொண்ட இரண்டு சக்கரங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்கு ஓடும் நாடா. இதைத்தான் பேச்சில் ‘ரீல்’ என்கிறோம். நாடாவின் இரண்டு முனையிலும் ஒலி பதியாத வெற்றுப் பட்டை (லீடர்) கொஞ்சம் இருக்கும். அதன் நுனியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு சக்கரத்தோடு சேர்த்துக் கவ்விப் பிடித்திருக்கும்.

திறந்திருக்கும் வாய்ப்பக்கத்தின் இரு மூலைகளிலும் சிறிய உருளைகள் உண்டு. நடுவில் செம்பு நிறத் தகட்டின் மேல் ஒட்டிய சிறு பஞ்சு இருக்கும். பிளேயரின் ஹெட் (நாடாவிலிருந்து ஒலியைப் படிக்கும் பகுதி) மேல் நாடாவை அழுத்திப் பிடிப்பது அந்தப் பஞ்சின் வேலை. சுருளுக்கு மேலும் கீழும் வழவழப்பான மெல்லிய தாள் ஒன்று இருக்கும். சுருள் உரசாமல் சுற்ற அது உதவுகிறது.

நாடா எதனால் ஆனது?

பாலியெஸ்டர் பட்டையின் ஒரு பக்கத்தில் காந்தத் தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு பொடியைப் பசையோடு கலந்து பூசியிருப்பார்கள். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். 60 நிமிடக் கேசட்டில் ஏறக்குறைய 90 மீட்டர் நாடா இருக்கும்.

அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதாவது, நீங்கள் ஒரு சென்டிமீட்டர் நாடாவை வெட்டி எறிந்தால் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஒலி போய்விடும். அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும் போகாது. நாடாவின் அகலத்தில் ஒரு பாதி ‘ஏ’ பக்கத்துக்கு, மறுபாதி ‘பி’ பக்கத்துக்கு. ஆகவே எங்கே வெட்டினாலும் இரண்டு பக்கத்திலும் இழப்பு உண்டு.

கேசட்டின் நிமிடக் கணக்கையும் பாருங்கள். 60 நிமிட நாடாவின் தடிமன் 16 முதல் 18 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 90 நிமிட நாடா சுமார் 12 மைக்ரான். 120 நிமிட நாடா சுமார் 9 மைக்ரான்தான். அதே கூட்டுக்குள் அதிக நீளத்தை அடக்க நாடாவை மெல்லியதாக்கினார்கள். 120 என்று எழுதிய கேசட் எளிதில் இழுபட்டு நீளும், சிக்கும். அதைக் கடைசியாக, கை நன்றாகப் பழகிய பிறகு தொடுங்கள்.

ஒரு கம்பெனியின் நாடா இன்னொரு கம்பெனியின் கூட்டில் பொருந்துமா?

பொருந்தும். இந்தக் கேசட்டை உருவாக்கியது பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் தலைமையில் இயங்கிய குழு. 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அதை முதன்முதலாகக் காட்டினார்கள். பிறகு மற்ற நிறுவனங்களும் அதே அளவில் தயாரிக்க பிலிப்ஸ் அனுமதி கொடுத்தது. அதனால்தான் டிடிகே நாடாவை ஒரு பக்திப் பாடல் கேசட்டின் கூட்டுக்குள் போட்டாலும் சிக்கலின்றி ஓடுகிறது.

என்னென்ன சாமான்கள் வேண்டும்?

சின்ன நட்சத்திர முனை ஸ்க்ரூ டிரைவர் ஒன்று. அதன் முனையில் காந்தம் இருக்கக் கூடாது. குண்டூசியைத் தொட்டுப் பாருங்கள், ஒட்டினால் வேறு எடுங்கள். புதிய பிளேடு, மழுங்கிய முனையுள்ள சிமிட்டா, பட்ஸ் (பஞ்சுக் குச்சி), நூல் பிரியாத மெல்லிய துணி, ஆறு பட்டை உள்ள பென்சில் ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

வாங்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஐசோபுரோபைல் ஆல்கஹால் (சர்க்யூட் போர்டைத் துடைக்கப் பயன்படும், உடனே ஆவியாகும் திரவம்). சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளிலும், மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளிலும் கிடைக்கும். 99 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, ஸ்ப்ளைசிங் டேப் (அறுந்த நாடாவை ஒட்டுவதற்கென்றே தயாரிக்கும் ஒட்டுப்பட்டை). இதை இணையத்தில் தேடி வாங்க வேண்டியிருக்கும். கேசட் அகலத்துக்கு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள்.

சானிடைசர், நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதையும் பயன்படுத்தாதீர்கள். சானிடைசரில் கிளிசரின் பிசுக்கு இருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

பிளேயரை முதலில் பார்க்க வேண்டுமா?

கட்டாயம் பார்க்க வேண்டும். நல்ல கேசட்டைக் கெட்ட பிளேயரில் போட்டுத்தான் பலர் நாடாவைப் பறிகொடுக்கிறார்கள். இருபது ஆண்டு தூங்கிய டூ-இன்-ஒன் பெட்டியில் நேராகப் பாட்டியின் கேசட்டைப் போடாதீர்கள்.

முதலில் கேசட் போடாமல் மூடியைத் திறந்துவைத்து பிளே பட்டனை அழுத்துங்கள். உள்ளே இருக்கும் இரண்டு அச்சுகளில் ஒன்று சீராகச் சுற்ற வேண்டும். வெளியே வரும் நாடாவை உள்ளிழுத்துச் சுற்றிக்கொள்வது அதுதான். அது நின்று நின்று சுற்றினாலோ சுற்றவே இல்லை என்றாலோ நாடா வெளியே குவிந்து பிளேயருக்குள் சிக்கிக்கொள்ளும். ரீல் மாட்டிக்கொள்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அச்சு சுற்றாவிட்டால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். சிலவற்றில் பெல்ட் கறுப்புத் தாராக உருகி ஒட்டிக்கிடக்கும். புது பெல்ட் அதிக விலை இல்லை. மாற்றத் தெரியாவிட்டால் ரேடியோ ரிப்பேர் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து துடைப்பது. பட்ஸில் ஆல்கஹாலைத் தொட்டு, ஹெட்டையும் அதன் பக்கத்தில் இருக்கும் மெல்லிய எஃகு அச்சையும் பட்ஸில் பழுப்பு நிறம் வருவது நிற்கும்வரை துடையுங்கள். அந்த அச்சின் மேல் அழுந்தும் ரப்பர் உருளையை மட்டும் சோப்புத் தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். ரப்பர் கல்லாக இறுகிப் பளபளத்தால் உருளையை மாற்ற வேண்டும்.

இப்போது கழிக்கும் கேசட் ஒன்றைப் போட்டு ஒரு பக்கம் முழுதும் ஓடவிடுங்கள். அது ஒழுங்காக ஓடி முடிந்தால்தான் முக்கியமான கேசட்டுக்கு அந்தப் பிளேயர் தகுதி.

கேசட்டைத் திறப்பது எப்படி?

கேசட்டின் மூலைகளிலும் நடுவிலும் ஐந்து திருகாணி இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். திருகாணித் தலைகள் மேலே தெரியும்படி வெள்ளைத் துணியின் மேல் வைத்து ஐந்தையும் கழற்றுங்கள். மேல்மூடியை மெதுவாக, நேராகத் தூக்குங்கள். சாய்த்தால் சுருள் நழுவி அவிழ்ந்துவிடும். திறந்த உடனே, எதையும் தொடும் முன், கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாடா எந்த உருளையைச் சுற்றி எப்படிப் போகிறது என்பதைத் திரும்பப் பூட்டும்போது அந்தப் படம் சொல்லும்.

திருகாணியே இல்லாவிட்டால்? அதன் இரண்டு மூடிகளும் ஒன்றோடொன்று உருக்கி ஒட்டியவை. நாடா வெளியே தெரியும் வாய்ப்பக்கத்தை விட்டுவிட்டு, மற்ற மூன்று பக்கத்து இணைப்புக் கோட்டில் மெல்லிய கத்தி முனையை நுழைத்துச் சிறிது சிறிதாக நெம்புங்கள். ‘டக்’ என்று ஒவ்வொரு இடமாக விடும். பிளாஸ்டிக் சில்லு தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கூடு மறுபடி உதவாது. திருகாணி வைத்த வேறு கூடு ஒன்றை முன்பே திறந்து, அதன் நாடாவை எடுத்துவிட்டுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சுருளை மாற்றும்போது இரண்டு சக்கரங்களையும் அவற்றுக்கு இடையே உள்ள நாடாவையும் ஒன்றாகத் தூக்கிப் புதுக் கூட்டில் வையுங்கள். நாடாவின் ஒலி பதிந்த முகத்தை வெறும் விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் படிந்தால் அழுக்கும் பூஞ்சையும் அங்கே முதலில் சேரும்.

சுற்றவே மாட்டேன் என்கிறதே?

திறக்கும் முன் எளிய வழியைப் பாருங்கள். கேசட்டின் அகலப் பக்கத்தை உள்ளங்கையில் இரண்டு மூன்று முறை தட்டுங்கள். ஏறி இறங்கி நிற்கும் நாடாச் சுற்றுகள் சமமாகப் படியும். பிறகு பென்சிலைச் சக்கரத்தில் நுழைத்துக் கையால் முன்னும் பின்னும் சுற்றிப் பாருங்கள். இளகினால், பிளேயரில் ஒரு முறை முழுதும் முன்னோட்டி, ஒரு முறை முழுதும் பின்னோட்டுங்கள். பல ஆண்டாக ஒரே நிலையில் இறுகிக் கிடந்த சுருள் இதில் தளரும்.

அப்படியும் இறுக்கமாக இருந்தால் கூடு வெயிலில் வளைந்திருக்கும், அல்லது உள்ளே இருக்கும் வழுக்குத் தாள் கசங்கியிருக்கும். வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

நாடா சக்கரத்திலிருந்து கழன்றுவிட்டால்?

இதுதான் மிகச் சுலபமான பழுது. வெற்றுப் பட்டை நழுவி, நாடா முழுவதும் ஒரு பக்கச் சக்கரத்திலேயே சுற்றிக்கிடக்கும். கூட்டைத் திறந்து, காலியான சக்கரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் துண்டை ஊசியால் நெம்பி எடுங்கள். பட்டையின் நுனியை நேராக வெட்டி, பள்ளத்தில் வைத்து, துண்டை மறுபடி அழுத்துங்கள். நுனி வெளியே துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. ஒலி பதிந்த பகுதி எதுவும் இதில் போகாது.

நடுவில் அறுந்துவிட்டால்?

இரண்டு நுனியும் வெளியே தெரிந்தால் கூட்டைத் திறக்காமலே ஒட்டலாம். ஒரு நுனி உள்ளே போய்விட்டால் திறக்க வேண்டும்.

கண்ணாடித் துண்டின் மேல் இரண்டு நுனிகளையும் ஒன்றன்மேல் ஒன்று சிறிதளவு ஏறும்படி நேர்கோட்டில் வையுங்கள். இரண்டையும் சேர்த்துப் பிளேடால் 45 பாகைச் சாய்வில் ஒரே வெட்டாக வெட்டுங்கள். கசங்கிய நுனிகள் போய், இரு முனைகளும் இடைவெளி இல்லாமல் பொருந்தும். சாய்வாக வெட்டுவது எதற்கு? நேராக வெட்டினால் ஒட்டு ஹெட்டைக் கடக்கும் நொடியில் ‘டிக்’ என்று கேட்கும். சாய்வெட்டில் அது மென்மையாகக் கடந்துவிடும்.

ஒட்டுப்பட்டையை எந்தப் பக்கம் ஒட்டுவது? கேசட்டுக்கு வெளியே பார்க்கும் முகத்தில்தான் ஒலி இருக்கிறது. உள்ளே பார்க்கும் முகத்தில் ஒட்டுங்கள். ஒரு சென்டிமீட்டர் நீளம் போதும். நாடாவின் விளிம்புக்கு வெளியே நீட்டினால் அதைப் பிளேடால் சீவிவிடுங்கள். நகத்தின் பின்புறத்தால் தேய்த்துக் காற்றுக்குமிழி இல்லாமல் ஒட்டுங்கள்.

வீட்டில் இருக்கும் செல்லோ டேப் ஆகாதா? ஆகாது. நம் ஊர் வெக்கையில் அதன் பசை ஓரத்தில் கசிந்து, அடுத்த சுற்று நாடாவோடு ஒட்டிக்கொள்ளும். பிரியும்போது ஒலிப் பூச்சையே பிய்த்துக்கொண்டு வரும். ஹெட்டிலும் பசை ஏறும். ஸ்ப்ளைசிங் டேப் வரும்வரை காத்திருங்கள்.

பிளேயருக்குள் மாட்டிக் கசங்கிவிட்டால்?

பதற்றத்தில் இழுத்துவிடாதீர்கள். நிறுத்தும் பட்டனை அழுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, சிக்கிய நாடாவை ரப்பர் உருளையிலிருந்து சுற்றுச் சுற்றாக அவிழ்த்து எடுங்கள்.

கசங்கிய பகுதியைக் கண்ணாடி மேல் வைத்து, ஒலி இல்லாத முகத்தை மெல்லிய துணியால் ஒரே திசையில் நீவிவிடுங்கள். இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. பிறகு பென்சிலால் இறுக்கமாகச் சுற்றி, சில நாள் அப்படியே வையுங்கள். சுருளின் அழுத்தத்தில் மடிப்பு ஓரளவு படியும். அந்த இடம் ஓடும்போது ஒலி சற்று மங்கி மீளும். ஆனாலும் பேச்சு புரியும். அதை வெட்டி எறிவதைவிட மங்கலாகக் கேட்பது மேல்.

பஞ்சு விழுந்துவிட்டால்?

ஒலி ஏறி இறங்கிக் கேட்டாலோ, மிக மெல்லியதாகக் கேட்டாலோ கேசட்டின் வாய்க்குள் பாருங்கள். நடுவில் பஞ்சு இல்லாமல் தகடு மட்டும் தெரியும். பழைய பசை காய்ந்து உதிர்வதால் இது நடக்கிறது. கழிக்கும் கேசட்டிலிருந்து தகட்டோடு சேர்த்துப் பஞ்சை எடுத்து மாட்டுங்கள். கோந்து வைத்து ஒட்டும் வேலையே வேண்டாம்.

குரல் பின்னோக்கிக் கேட்கிறதே?

பேச்சு தலைகீழாகவும் மங்கலாகவும் கேட்டால் பயப்படாதீர்கள். நாடா எங்கோ ஒரு முறை முறுக்கிக்கொண்டு, ஒலி இல்லாத முகம் ஹெட்டைப் பார்க்கிறது. மறுபக்கத்துப் பதிவுதான் பின்னோக்கிக் கேட்கிறது. பென்சிலால் சுற்றிக்கொண்டே வந்தால் முறுக்கு விழுந்த இடம் வாய்ப்பக்கத்தில் தெரியும். அங்கே திருப்பிவிட்டால் தீர்ந்தது. ரீலை ஒரு முறை கையால் இழுத்துச் சுற்றிய கேசட்டுகளில் இது சகஜம்.

வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால்?

கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெண்புள்ளியோ நூல்போலவோ தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஈரக்காற்றில் இது அதிகம். அந்தக் கேசட்டை அப்படியே ஓட்டாதீர்கள். பூஞ்சை ஹெட்டில் ஏறி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் பரவும். உங்கள் நுரையீரலுக்கும் கேடு.

முதலில் உலர்த்துங்கள். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் குருணை, செருப்புப் பெட்டி, மருந்து டப்பாவில் வரும் சிறு பொட்டலம்) நிறையப் போட்டு, கேசட்டைச் சில நாள் வையுங்கள். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவு உள்ளே போகும். பூஞ்சை காய்ந்தால் பொடியாக உதிரும்.

பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வெளித் திண்ணையிலோ மொட்டைமாடி நிழலிலோ உட்கார்ந்து கூட்டைத் திறங்கள். சுருளின் பக்கவாட்டை உலர்ந்த துணியால் மெல்லத் துடையுங்கள். நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றி, மடித்த துணிக்கு நடுவே நாடா போகும்படி பிடித்துக்கொண்டு, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கையால் மெதுவாகச் சுற்றுங்கள். துணி அழுக்கானதும் இடம் மாற்றிப் பிடியுங்கள். பழைய கூட்டைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ஓட்டி முடித்ததும் பிளேயரின் ஹெட்டை மறுபடி துடையுங்கள்.

வெள்ளத்தில் நனைந்த கேசட்டைக் காப்பாற்ற முடியுமா?

பல நேரம் முடியும். 2015 சென்னை வெள்ளம்போலச் சேற்றுத் தண்ணீர் புகுந்தால் அழுக்கு காய்ந்து நாடாவில் ஒட்டுவதற்குள் கழுவ வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் (உப்பு நீக்கிய தூய நீர்) அலசி, கூட்டைத் திறந்து, நிழலில், லேசான மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். வெயில், ஹேர் டிரையர் இரண்டும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த பிறகு புதுக் கூட்டில் போட்டு ஓட்டுங்கள்.

கீச்சென்று சத்தம் வந்தால்?

சில நாடாக்கள் ஓடும்போது கீச்சிடும். கூடு மாற்றி, பஞ்சும் மாற்றி, ஹெட்டையும் துடைத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் சரியாகும்.

ஆனால் சில நிமிடம் ஓடியதுமே ஹெட்டில் பழுப்புப் பொடி அப்பினால் உடனே நிறுத்துங்கள். அந்தப் பொடிதான் உங்கள் ஒலி. பூச்சைப் பிடித்திருக்கும் பசை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆவணக் காப்பகங்களில் சில வகை நாடாக்களை 50 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே, கட்டுப்படுத்திய வெப்பத்தில் பல மணி நேரம் வைத்துத் தற்காலிகமாகச் சரிசெய்வார்கள். அதைப் படித்துவிட்டு சமையலறை ஓவனிலோ வெயிலிலோ வைத்துப் பார்க்காதீர்கள். ஓவன் சூடு ஏறி இறங்கும், கூடு உருகும், எல்லா நாடாவுக்கும் அந்த வைத்தியம் ஒத்தும் வராது.

ஒலி மந்தமாக, போர்வைக்குள் பேசுவதுபோலக் கேட்கிறதே?

துடைத்த பிறகும் இப்படிக் கேட்டால் ஹெட்டின் சாய்வு பொருந்தவில்லை. எந்தப் பெட்டியில் பதிந்தார்களோ அதன் ஹெட் சற்றுச் சாய்ந்திருந்தால், நம் ஹெட்டும் அதே அளவு சாய்ந்தால்தான் தெளிவாகக் கேட்கும். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் மேல் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். கேசட் ஓடும்போதே அதை இம்மி இம்மியாகத் திருப்புங்கள். ‘ச’, ‘ஸ’ ஒலிகளும் ஜால்ரா சத்தமும் எங்கே பளிச்சென்று கேட்கிறதோ அங்கே நிறுத்துங்கள். தொடங்கிய இடத்தைப் பேனாவால் குறித்துவைத்தால் அடுத்த கேசட்டுக்குத் திருப்பிவிடலாம்.

கணினியில் பதிவது எப்படி?

பழுது பார்த்ததன் முழுப் பயனும் இந்த வேலையில்தான் இருக்கிறது. பிளேயரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினியின் லைன்-இன் துளைக்கு (வெளி ஒலியை உள்வாங்கும் வாசல், மேசைக் கணினியில் பெரும்பாலும் நீல நிறம்) ஒரு கேபிள் போதும். மடிக்கணினியில் பொதுவாக மைக் துளைதான் இருக்கும். அதற்குச் சிறிய யுஎஸ்பி சவுண்டு கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். லைன்-இன் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

ஸ்பீக்கர் முன்னால் கைபேசியை வைத்துப் பதிந்தால் போதாதா? மின்விசிறியும் தெருச் சத்தமும் சேர்ந்து பதியும். வேறு வழியே இல்லாதபோது மட்டும் அப்படிச் செய்யுங்கள்.

பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். ஒலி அளவுக் காட்டி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பில் பதிந்த கரகரப்பைப் பிறகு நீக்க முடியாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்ற அளவில், ‘வேவ்’ கோப்பாக (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி இடம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்ப மட்டும் எம்பி3 ஆக மாற்றிக்கொள்ளுங்கள்.

இரைச்சலை மென்பொருளால் நீக்கலாமா? நீக்கலாம், ஆனால் பிரதியில் மட்டும். முதலில் பதிந்த கோப்பில் கைவைக்காதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து குரலின் மென்மையான பகுதிகளும் போய்விடுவதுண்டு.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது யார் பேசுகிறார்கள், எந்த ஊர், எந்த ஆண்டு என்பதைச் சேருங்கள். அந்தக் குரல்களை அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே உட்காரவைத்துக் கேளுங்கள். ஒரு பிரதி கணினியில், இன்னொன்று தனி ஹார்டு டிஸ்க்கில், மூன்றாவது வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

பிறகு கேசட்டை எப்படி வைப்பது?

ஒரு முனைவரை முழுதும் சுற்றி, உறையில் போட்டு, அலமாரியில் புத்தகம்போல நிற்கவையுங்கள். பரண், ஃபிரிட்ஜின் மேல், ஸ்பீக்கர் பக்கம், கார் டாஷ்போர்டு ஆகிய இடங்கள் ஆகாது. சூடும் காந்தமும் நாடாவுக்குப் பகை. கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் தாழ்களை உடைத்துவிட்டால், தவறுதலாகக்கூட அதன் மேல் யாரும் வேறொன்றைப் பதிய முடியாது. இதை நீங்கள் ஓட்டிப்பார்க்கும் முன்பே செய்துவிடுவது இன்னும் நல்லது.

கணினியில் பதிந்த பிறகு கேசட்டைத் தூக்கிப்போடலாமா? வேண்டாம். ஹார்டு டிஸ்க் ஒரே நாளில் செத்துப்போகும். நன்றாக வைத்த நாடா இன்னும் பல ஆண்டு ஓடும்.

எதை நாமே செய்யக் கூடாது?

பழுப்புப் பொடி உதிரும் நாடா, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட நாடா, தீயில் கருகியது, நீளமாக இழுபட்டது ஆகிய நான்கையும் தொடாதீர்கள். அவை ஒரே பிரதியாக இருந்தால் ஒலி மீட்பு தெரிந்த ஸ்டுடியோவிடம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் உங்கள் வீட்டு மேசையிலேயே சரிசெய்ய முடியும்.

இந்த வாரம் ஒரு பழைய சினிமாப் பாட்டுக் கேசட்டைத் திறந்து, மறுபடி பூட்டி, ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்றில் கை பழகியதும் வீட்டார் குரல் இருக்கும் கேசட்டை எடுங்கள். அதைத் தள்ளிப்போடாதீர்கள். கேசட் பிளேயரும் அதைச் சரிசெய்யத் தெரிந்த ஆட்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள்.